தீபம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும்

பெங்களூரில் கோபமாக உட்கார்ந்திருக்கும் சரவணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "நான் யோசிக்கணும்மா" என்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. போனைத்தானே பாதியில் வைக்க முடியும், கடிதத்தை என்ன செய்வாய் பார்க்கலாம் என்று பேனாவை எடுத்துவிட்டேன். நீ யோசிப்பதை நான் தடுக்கவில்லை. யோசிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் உன் சித்தப்பா ஊதிவிட்ட அரைகுறைச் செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு யோசிக்காதே. முழுசாகத் தெரிந்துகொண்டு யோசி. அதற்குத்தான் இத்தனை பக்கம்.

நடந்தது இதுதான். நீ கட்டிக்கொள்ளப்போகிற மஞ்சுவின் அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். மார்கழியில் வேலூரில் அவருக்கு ஆபரேஷன் ஆனது அதற்காகத்தான். தை மாதம் நடக்க வேண்டிய உன் கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவைத்தது பெண் வீட்டார் இல்லை, நான். உன்னிடம் "கர்ப்பப்பை ஆபரேஷன்" என்று மட்டும் சொன்னேன். "அதுக்குப் போயா கல்யாணத்தைத் தள்ளுவாங்க, ஆபரேஷனை ரெண்டு மாசம் பொறுத்துப் பண்ணிக்கக் கூடாதா" என்று அப்போதே குதித்தாய். மீதிப் பாதியை நான் சொல்லாததற்குக் காரணம், சம்பந்தியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டதுதான். இப்போது அவரே, "எல்லாத்தையும் எழுதிடுங்க, நமக்குள்ள மறைக்கறதுக்கு இன்னா இருக்குது" என்று சொல்லிவிட்டார். அதற்குள் உன் சித்தப்பா முந்திக்கொண்டார். "ஆத்தாளுக்கு வந்தது பொண்ணுக்கும் வரும்டா, இப்பவே வேற எடம் பாத்துக்கோ" என்று உன்னிடம் சொன்னாராம். அந்தப் பேச்சு கீழ்பென்னாத்தூரில் மஞ்சு வீடு வரைக்கும் போய்விட்டது. மஞ்சு நேற்று எனக்குப் போன் செய்தாள். அழவில்லை. "அவருக்கு வேணாம்னா வேணாம்னே சொல்லிடட்டும் அத்தை. எங்க அம்மா இருக்காங்க. எனக்கு அது போதும்" என்றாள்.

மகனிடம் ஓர் அம்மா எழுதுகிற விஷயமா இது என்று நீ நெளிவாய். நெளி. பெண்கள் சமாச்சாரம் பெண்களுக்குள்ளேயே இருக்கட்டும் என்றுதான் நம் வீட்டிலும் வைத்திருந்தோம். அப்படி வைத்திருந்ததில் யார் யாரை இழந்தோம் என்று எனக்குத் தெரியும். பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும், போக வேண்டாம் என்பதும், காசு எடுத்துக் கொடுப்பதும் பாதி வீடுகளில் ஆண்கள்தான். அப்புறம் ஆண்களுக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது? இந்தக் கடிதத்தை நீ ஒளித்து வைக்கவும் வேண்டாம். உன் ரூமில் இருக்கிற மற்ற பையன்களும் படிக்கட்டும். அவர்களுக்கும் அம்மா இருக்கிறாள், நாளைக்குப் பெண்டாட்டி வருவாள்.

உன் சரோஜா அத்தையிலிருந்து ஆரம்பிக்கிறேன். அப்பாவின் அக்கா. அவர் புருஷன் தவறிப்போன பிறகு நம்மோடு வந்து இருந்தவர். நம் லாட்ஜின் சமையல்கட்டு முழுக்க அவர் ராஜ்யம், நான் கரண்டி எடுக்கவே அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பௌர்ணமி வந்தால் எது நின்றாலும் அவர் மலை சுற்றுவது நிற்காது. அப்போதெல்லாம் கிரிவலத்துக்கு இன்றைக்கு வருகிற கூட்டம் கிடையாது, பஸ் பஸ்ஸாக வந்து இறங்கமாட்டார்கள். ஊர்க்காரர்கள்தான் பேசிக்கொண்டே நடப்பார்கள். உன்னையும் கூட்டிக்கொண்டு போவார். பாதி வழியில் நீ "கால் வலிக்குது அத்தை" என்று உட்கார்ந்துவிட்டால், அவ்வளவு பெரிய பையனை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு மிச்சத்தையும் நடந்து வருவார். திட்டிக்கொண்டேதான் வருவார், ஆனால் இறக்கிவிடமாட்டார்.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாதம் அவர் மலை சுற்றப் போகவில்லை. ஏன் என்றதற்கு, "முட்டி புடிச்சுக்கிச்சுடி, நடக்க முடியல" என்றார். அடுத்த பௌர்ணமிக்கும் போகவில்லை. உன் அப்பா கவலைப்பட்டு நாட்டு மருந்துக் கடையில் தைலம் வாங்கி வந்தார். நான்தான் தினம் தேய்த்துவிடுவேன். அவரும் காலை நீட்டிக்கொண்டு, "இப்ப கொஞ்சம் தேவலாம்டி" என்பார். நன்றாக இருந்த முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கோயிலுக்குப் போனால் உள்ளே வராமல் ராஜகோபுரத்துக்கு வெளியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். வீட்டில் சாமி விளக்கை ஏற்ற என்னைக் கூப்பிட்டார். முட்டி வலிக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

விஷயம் என்னவென்றால், அவருக்கு மாதவிலக்கு நின்றுபோய் ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அது திரும்ப வந்திருந்தது. அப்படித்தான் அவர் நினைத்தார். ரத்தம் என்றால் தீட்டு, தீட்டு என்றால் சாமி பக்கம் போகக் கூடாது, மலை சுற்றக் கூடாது, அவ்வளவுதான் அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. உடம்பு "என்னைக் கவனி" என்று சொன்னதை அவர் "கோயிலுக்குப் போகாதே" என்று எடுத்துக்கொண்டார். இந்த வயசில் இதை வெளியில் சொல்ல வெட்கம் வேறு. ஐப்பசியில் அவர் புடவையில் கறையைப் பார்த்துவிட்டு நான் கேட்டேன். "டாக்டரம்மாகிட்ட போய்ட்டு வந்துடலாம் வாங்க அண்ணி" என்றேன். "தீபம் முடியட்டும்டி. லாட்ஜ் பூரா ஆளு வந்துடும். நான் போய்ப் படுத்துக்கினா இவங்களுக்கு யாரு வடிச்சுக் கொட்டறது?" என்றார். நானும் சரியென்று விட்டுவிட்டேன், கூட்டத்தை நினைத்தால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. தீபம் முடிந்தது. பொங்கல் முடியட்டும் என்றார். அதுவும் முடிந்து நாங்கள் போனபோது, டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு வெளியே வந்து உன் அப்பாவிடம் பேசினார். அடுத்த தீபத்தைப் பார்க்க அத்தை இல்லை. நீ கொஞ்ச நாள் அவர் பாயிலேயே போய்ப் படுத்துக்கொண்டாய். அதையெல்லாம் இப்போது எழுதி உன்னை அழவைப்பது என் நோக்கம் இல்லை.

அத்தையைக் கூட்டிக்கொண்டு போய் வந்த நாட்களில் ஒரு நாள் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "அவங்களப் பாத்தாச்சு. நீங்க எப்ப வரப்போறீங்க?" என்று கேட்டார். "எனக்கென்ன டாக்டர், நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றேன். "நல்லா இருக்கறப்ப வர்றதுக்குத்தாங்க இந்த டெஸ்டு. நல்லா இல்லாதப்ப வந்தா அது வேற வைத்தியம்" என்றார். இந்த வாக்கியம் எனக்குள் இறங்க இரண்டு மூன்று வருஷம் பிடித்தது. கடைசியில் போனேன். சின்னக் குச்சியால் கர்ப்பப்பை வாயைத் தடவி எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி அனுப்புகிறார்கள். அவ்வளவுதான். வெட்கம் இருக்கிறது, வலி என்று ஒன்றும் பெரிதாக இல்லை, உன்னைப் பெற்றவளுக்கு அதெல்லாம் ஒரு வலியா. ரிசல்ட் வந்தபோது டாக்டரம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னார். புற்றுநோய் இல்லை. ஆனால் அங்கே சில அணுக்கள் மாற ஆரம்பித்திருக்கின்றன, அப்படியே விட்டால் பல வருஷம் கழித்து அது புற்றுநோயாகலாம், இப்போதே அந்த இடத்தைச் சுட்டு எடுத்துவிட்டால் தீர்ந்தது என்றார். அன்று மதியமே அதை முடித்துக்கொண்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். உன் அப்பாதான் ஆஸ்பத்திரி வாசலில் ஓர் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவும் தெரியாமல் கொடுக்கவும் தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

வராமல் தடுப்பது என்பது ஏதோ மந்திரம் மாதிரி எனக்கு முன்பெல்லாம் தோன்றும். அன்றைக்குத்தான் புரிந்தது, அது சாதாரண வேலை. கூரையில் ஓட்டை விழுவதற்கு முன் ஏறி ஓடு மாற்றுகிற மாதிரி. அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்ன கெடுவுக்குத் தவறாமல் போய்க் காட்டிவிட்டு வருகிறேன். நான் இன்றைக்கு இருந்து உன்னைத் திட்டிக்கொண்டிருப்பதற்கு அந்தக் குச்சியும் ஒரு காரணம்.

நம் லாட்ஜில் பௌர்ணமிதோறும் நடக்கிற ஒன்றை நீ கவனித்திருக்க மாட்டாய். வெளியூரிலிருந்து பெண்கள் கூட்டமாக வந்து ரூம் எடுப்பார்கள். சாயங்காலம் எல்லோரும் மலை சுற்றக் கிளம்பும்போது, ஒன்றிரண்டு பேர் மட்டும் கிளம்பாமல் ரூமிலேயே இருந்துவிடுவார்கள். தீட்டு, தூரமாகிவிட்டது என்பார்கள். பாவம், அவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து, மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். அத்தைக்கு அப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. தங்கிவிடுகிறவள் சின்ன வயசுக்காரியாக இருந்தால் காபியோடு சரி. தலை நரைத்தவளாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். "ஏம்மா, உங்களுக்கு இன்னும் நிக்கலையா?" என்று நேராகவே கேட்பேன். சிலர் கோபப்பட்டிருக்கிறார்கள். "ரூம் குடுத்தா ரூமோட நில்லு, அதையெல்லாம் ஏன் கேக்கற?" என்று ஒருத்தி கத்தியே விட்டாள். கத்தட்டும். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா மட்டும் அழுதுகொண்டே ஒத்துக்கொண்டு, மறுநாள் என்னோடு டாக்டரம்மாவிடம் வந்தார். அவருக்கு இருந்தது வெறும் சதை வளர்ச்சி, புற்றுநோயே இல்லை. அதை எடுத்துப் போட்ட பிறகு அடுத்த வருஷம் சீப்பு சீப்பாக வாழைப்பழத்தோடு வந்து நின்றார். பயந்துபோய்க் காட்டாமல் இருந்திருந்தால் வீணாகப் பயந்துகொண்டே இருந்திருப்பார்.

இப்போது, நம் லாட்ஜிலேயே நடந்த உன் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் சாமி காலடியில் தாம்பூலம் வைக்கக் கோயிலுக்குக் கிளம்பினீர்கள். நீயும் மஞ்சுவும் முன்னால் போனீர்கள், உனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்க்க உனக்கு எங்கே நேரம். நான் சமையல்காரருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வரலாம் என்று பின்தங்கினேன். மாடி ஏறிப் பார்த்தால் சம்பந்தியம்மா பட்டுப்புடவையோடு மொட்டை மாடியில் நின்று மலையைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார். பெற்ற பெண்ணின் நிச்சயம், கோயில் நாலு தெரு தள்ளி, அம்மா மாடியில்! நான் நேராக அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஏனென்றால் பெண் பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோதே, சமையல்கட்டில் பேச்சுவாக்கில், "எனக்கு நின்னு நாலு வருஷம் ஆவுது சம்பந்தி, அதுலேருந்து உடம்பு காந்தலா காந்துது" என்று அவரே சொல்லியிருந்தார்.

"ஏன் சம்பந்தி, கோயிலுக்குப் போகலையா?" என்றேன்.

"சாமானெல்லாம் இருக்குதே, பாத்துக்கலாம்னு..."

"சாமானைப் பாத்துக்க ஆள் இருக்குது. உண்மையச் சொல்லுங்க."

மாடிப்படிப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். அப்புறம் மெதுவாக, "ரெண்டு மூணு மாசமா விட்டு விட்டுப் படுது. கம்மியாத்தான் படுது. களையெடுக்கக் குனிஞ்சா ஜாஸ்தியாவுது" என்றார். நான் டாக்டர் என்று ஆரம்பித்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "கல்யாணம் முடியட்டும் சம்பந்தி. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. இப்பப் போய் நான் ஆஸ்பத்திரில படுத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. என் பொண்ணு வாழ்க்கை. தைக்குள்ள இன்னா ஆயிடப் போவுது?"

தீபம் முடியட்டும் என்ற அதே குரல், சரவணா. ஆள்தான் வேறு. அந்த நிமிஷத்தில் எனக்கு யார் மேல் என்று தெரியாத ஒரு கோபம் வந்தது. இந்தப் பெண்களுக்கு மட்டும் ஏன் எல்லாம் முடிந்த பிறகுதான் தங்கள் முறை? தீபம், பொங்கல், அறுவடை, கல்யாணம், பேரன் காதுகுத்து என்று எல்லாம் வரிசையில் முன்னால் நிற்கும், கடைசியில் இவர்கள். நான் அவர் கையை உதறாமலே சொன்னேன். "தாரை வாக்கறப்ப தண்ணி ஊத்த வேண்டியது நீங்க. நீங்க உங்க கையால ஊத்தினாத்தான் என் புள்ள தாலி கட்டுவான். அதுக்கு நீங்க நல்லா இருக்கணும். கல்யாணம் காத்துக்கினு இருக்கும், இது இருக்காது." நீ கட்டுவாய் என்று உன்னைக் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன். அதைப் பற்றிக் கடைசியில் பேசுகிறேன்.

மறுநாளே டாக்டரம்மாவிடம் போனோம். அவர் கர்ப்பப்பை வாய்ச் சதையில் துளி எடுத்து அனுப்பினார், பதில் வந்தது, வேலூருக்குப் போகச் சொன்னார். இதற்கு நடுவில் நான் தேதியைத் தள்ளிவைத்தேன். மண்டபத்துக்காரர் முறைத்தார். உன் சித்தப்பா, "அபசகுனமா இருக்குது" என்றார். உன் மாமனாராகப் போகிறவர், மஞ்சுவின் அப்பா, மல்லாட்டை விளைகிற காட்டில் எத்தனை வெயிலுக்கும் அசராத மனுஷன், நம் ரிசப்ஷன் பெஞ்சில் உட்கார்ந்து, "எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே" என்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். வேலூரில் ஆபரேஷன் தியேட்டருக்குள் போவதற்கு முன் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். சம்பந்தியம்மா தாலிச்சரட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, "மஞ்சுவ..." என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் நீங்களே வந்து சொல்லுங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். வந்தார். ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், வேறு எங்கும் பரவவில்லை, ரேடியேஷன் என்கிற கரண்டு வைத்தியமும் தேவைப்படாது என்று அங்கே சொன்னார்கள். இனி தவறாமல் போய்க் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். "இன்னும் கொஞ்சம் தள்ளிப்போட்டிருந்தா இந்தப் பேச்சே வேறயா இருந்திருக்கும்" என்று அந்த டாக்டர் சொன்னபோது சம்பந்தியம்மா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இந்த ஜன்மத்துக்குப் போதும்.

இப்போது நீ யோசிக்கிற இடத்துக்கு வருவோம். அம்மாவுக்கு வந்தால் பெண்ணுக்கும் வருமா? இதை நான் என் அறிவைக் கொண்டு சொல்லவில்லை, டாக்டரம்மாவிடம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். சில புற்றுநோய்கள் குடும்பத்தில் ஓடுவது உண்டு. இது அப்படி வருவது இல்லை. ஒரு கிருமியால் வருவது. ஆணும் பெண்ணும் சேர்ந்து வாழ்கிற வாழ்க்கையில் சாதாரணமாக ஒட்டிக்கொள்கிற கிருமி. முக்கால்வாசிப் பேருக்கு அதுவாகவே போய்விடும், சிலர் உடம்பில் மட்டும் வருஷக்கணக்காகத் தங்கி வேலையைக் காட்டும். இதை வைத்து யாருடைய நடத்தையையும் யாரும் எடை போட முடியாது. உன் சித்தப்பாவிடமும் இருந்திருக்கலாம், அவரிடம் போய்ச் சொல். ஆண் வழியாகவும் இது வருகிறது என்பதால் இது பெண்கள் சமாச்சாரம் மட்டும் இல்லை என்று உனக்கு இப்போது புரிந்திருக்கும். இதற்கு இப்போது தடுப்பூசி வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன் போட்டுக்கொண்டால் ரொம்ப நல்லது என்கிறார்கள். மஞ்சுவுக்கு முதல் ஊசி போட்டாயிற்று, நான்தான் பக்கத்தில் நின்றேன். ஊசி போட்டாலும் பிற்பாடு அந்தக் குச்சி டெஸ்டுக்குப் போகத்தான் வேண்டும். முப்பது வயசு நெருங்கியதும் நீ அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவள் மறந்தாலும் நீ மறக்கக் கூடாது. "வேலை இருக்குது, லீவு முடியட்டும்" என்று அவள் சொன்னால் எங்களை நினைத்துக்கொள்.

அவள் விஷயம் ஆயிற்று, உன் விஷயம்? நிச்சயத்தன்று நீ கழற்றிப் போட்ட பட்டுச் சட்டையின் பையில் ஒரு பாக்குப் பொட்டலம் இருந்தது. புகையிலை கலந்தது. கேட்டதற்கு "ஃப்ரெண்டோடதுமா" என்றாய். உன் ஃப்ரெண்டின் பாக்கு உன் பல்லை ஏன் சிவப்பாக்குகிறது என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை, சபையில் மாப்பிள்ளையாயிற்றே என்று விட்டேன். மாமியாருக்கு வந்த நோயை நினைத்து மஞ்சுவை வேண்டாம் என்று யோசிக்கிற நீ, அதே நோயைப் பொட்டலம் பொட்டலமாகக் காசு கொடுத்து வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறாய். மஞ்சுதான் உன்னைப் பற்றி யோசிக்க வேண்டும், பார்த்துக்கொள்! கண்ணாடி முன் நின்று வாயைப் பெரிசாகத் திற. உள்ளே வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், ஆறாத புண் இருந்தாலும், வாய் முன்போல் திறக்காவிட்டாலும் அன்றைக்கே டாக்டரிடம் போ. எதுவும் இல்லாவிட்டால் சந்தோஷம், இன்றோடு விடு.

விடுவது சுலபம் என்று நான் சொல்லமாட்டேன். உன் அப்பா சிகரெட்டை விட்ட கதைதான் எனக்குத் தெரியுமே. டாக்டரம்மா அந்தப் புகை வீட்டில் எல்லோருக்கும் கெடுதல் என்று சொன்ன அன்று, மலையைப் பார்த்துச் சத்தியம் செய்தார். தீபக் கூட்டம் வந்ததும் டென்ஷன் என்று சொல்லிப் பின்கட்டில் போய்ப் பிடித்தார். வாசனை வராது என்று நினைத்து வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து நிற்பார். மறுபடி விட்டார், மறுபடி பிடித்தார். அப்புறம் ஒரு நாள் ரிசப்ஷன் மேசையில் சாம்பல் கிண்ணம் இருந்த இடத்தில் கல்கண்டுக் கிண்ணத்தை வைத்தார். கை தானாக அங்கே போகும், கல்கண்டு அகப்படும். அப்படியே நின்றுவிட்டது. கல்கண்டு தின்று தின்று சர்க்கரை ஏறியது தனிக் கதை, அதற்காக இப்போது தினம் காலையில் நடக்கிறார், நானும் கூட நடக்கிறேன், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு. சாப்பாட்டில் கீரை, காய் ஜாஸ்தி, எண்ணெய்ப் பலகாரம் கம்மி. உன் ஆபீஸ் பார்ட்டிகளில் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாய் என்பதும் எனக்குத் தெரியும். அதுவும் கல்லீரலுக்கும் தொண்டைக்கும் ஆகாது. மஞ்சள் காமாலைக்குப் போடுகிற தடுப்பூசியில் ஒன்று கல்லீரல் புற்றுநோயையும் தடுக்குமாம், நீ போட்டிருக்கிறாயா என்று அங்கே ஒரு டாக்டரைக் கேட்டுப் பார்.

இதையெல்லாம் செய்தால் வரவே வராதா என்று குறுக்குக் கேள்வி கேட்பாய், உன்னைத் தெரியாதா. அப்படி யாராலும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஒழுங்காக இருந்தவருக்கும் வருகிறது, வந்தவரெல்லாம் தப்பு செய்தவர் என்றும் இல்லை. சரோஜா அத்தை யாருக்கு என்ன தப்பு செய்தார்? வருகிற வாய்ப்பைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது, வந்தால் சீக்கிரம் கண்டுபிடிப்பதும் நம் கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால்தான் பயமில்லாமல் எழுதுகிறேன். எனக்கு இருபது வருஷத்துக்கு முன் இந்தத் தைரியம் இருந்திருந்தால் அத்தை உன் கல்யாணத்துக்குச் சமைத்திருப்பார், சமையல்காரரை ஒரு வழி பண்ணியிருப்பார்.

சம்பந்தியம்மா நேற்று இங்கே வந்திருந்தார். செக்கப் முடிந்து வேலூரிலிருந்து திரும்புகிற வழியில் இறங்கினார். கொஞ்சம் இளைத்திருக்கிறார், முகம் தெளிவாக இருக்கிறது. மலை முழுக்கச் சுற்ற இப்போது வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டேன். வாசலில் கொஞ்சம் தயங்கினார், அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். சாமி முன்னால் நின்று என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பாத்திரக்கடை முன்னால் நின்றுவிட்டார். ஒரு பித்தளைச் செம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாரை வாக்கறதுக்கு எங்க வீட்ல இருக்கறது பழசு சம்பந்தி, மூக்கு நசுங்கிக் கெடக்குது" என்றார். பிறகு நீ யோசித்துக்கொண்டிருப்பது ஞாபகம் வந்துவிட்டதுபோல, செம்பை இருந்த இடத்திலேயே வைத்தார்.

நான் அதை எடுத்துக் கடைக்காரரிடம் கொடுத்து, கட்டச் சொல்லிவிட்டேன். இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறது, துலக்கி வைத்திருப்பார். தண்ணீர் ஊற்ற அவர் இருக்கிறார், சரவணா. கையை நீட்ட நீ வா.

அம்மா